வந்தவங்க பானை

1. நாற்காலியில் ஓர் ஆறு

எழுபதுகளின் நடுவில் குடிநீர்த் துறையின் செங்கல்பட்டு டிவிஷன் ஆபீசில் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்த அன்று எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. எனக்கென்று ஒதுக்கிய நாற்காலியில் பாலாறு உட்கார்ந்திருந்தது. வரைபடங்களைச் சுருட்டி, சணல் கயிறு போட்டுக் கட்டி, சாய்மானத்துக்கு மேலேயும் போகும்படி அடுக்கி வைத்திருந்தார்கள். அதை எடுத்துத் தரையில் வைக்கலாமா கூடாதா என்று யாரைக் கேட்பது? புதிதாக வந்தவன். ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

இ.இ. கூப்பிடுகிறார் என்று பியூன் வந்து சொன்னார். எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர் என்று முழுசாகச் சொல்ல எங்கள் துறையில் யாருக்கும் பொறுமை கிடையாது. இ.இ.தான். ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்த மனிதர். கோபக்காரர் என்று பேர் வாங்கியிருந்தார். பழகிய பிறகு தெரிந்தது, அது கோபமில்லை, அலுப்பு. அந்த அலுப்பு எனக்கும் வர அதிக நாள் ஆகவில்லை.

"எந்த ஊர்ய்யா உனக்கு?"

காவிரிக் கரையில் ஓர் ஊரைச் சொன்னேன்.

"சரிதான். ஆறுன்னா தண்ணி ஓடும்னு நெனச்சுட்டிருப்பே. இங்க அதெல்லாம் கிடையாது. இங்க ஆறுன்னா மணல். மணலுக்குக் கீழ என்ன இருக்குன்னு பாக்கறதுதான் உன் வேலை."

அவர் சொன்னது உண்மை. பாலாற்றில் தண்ணீர் புரண்டு ஓடுவதைப் பார்க்க ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்ய வேண்டும். அதுவும் சில நாள்தான். மேலே ஏரிகளுக்குப் போகும் கால்வாய்களும் கரையோரத்துக் கிணறுகளும் எடுத்தது போக மிச்சம் இருப்பது மணலுக்குள் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் கடலை நோக்கி நகரும். எங்கள் துறையில் இதைத் தண்ணீர் என்றுகூடச் சொல்ல மாட்டோம். சோர்ஸ் என்போம்.

கேள்வி இதுதான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை, அப்புறம் கடற்கரையோரமாக உள்ள குப்பங்கள் வரை, இத்தனை ஜனங்களுக்கும் குடிநீர் கொடுக்கப் பாலாற்றுப் படுகை போதுமா, போதாதா? மேலிடத்திலிருந்து இதைக் கேட்டு நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக வந்துகொண்டிருந்தது. ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே மணலில் கான்கிரீட் உறைகளை இறக்கி, எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் ஒரு டெஸ்ட் கிணறு போட்டிருந்தார். ஆயில் இன்ஜின் வைத்து நாள் கணக்கில் இறைத்து, எவ்வளவு தண்ணீர் வருகிறது, மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதற்கு ஈல்டு டெஸ்ட் என்று பெயர். அவர் அதை முடித்துவிட்டு மாற்றலாகிப் போயிருந்தார். ரிசல்ட் பிரமாதம். கேட்ட ஊர்களுக்கெல்லாம் கொடுத்து, மாமல்லபுரத்தில் வரப்போகும் ஓட்டல்களின் புல்தரைக்கும் தெளிக்கலாம் என்கிற அளவுக்குப் பிரமாதம்.

நான் தேதியைப் பார்த்தேன். தை மாதம். மழை முடிந்த சூட்டோடு சூடாகச் செய்த டெஸ்ட்.

"சார், இதையே கத்திரி வெயில்ல ஒரு தடவை பண்ணிப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

இ.இ. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வந்து ஒரு வாரம் ஆகல. அதுக்குள்ள இருக்கற தண்ணிய இல்லாமப் பண்ணப் பாக்கறியா?"

திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "போ. பண்ணு. வெயில்ல சாகறதுன்னு முடிவு பண்ணிட்டே" என்றார். சண்டை போடத் தெம்பில்லாமல்தான் அவர் ஒப்புக்கொண்டார் என்று இன்றும் நினைக்கிறேன். பல நல்ல காரியங்கள் எங்கள் ஆபீசில் அப்படித்தான் நடந்தன.

2. எங்கூரு தண்ணி

சித்திரை கடைசி. ஆயில் இன்ஜின் மணலில் நின்று கத்திக்கொண்டிருந்தது. நிழலுக்கு நாலு சவுக்குக் கம்பு நட்டு மேலே கீற்று போட்டிருந்தோம். நானும் ஜீப் டிரைவர் காதர் பாயும் அதன் கீழே. பாய் சதுரங்கப்பட்டினத்துக்காரர். காலையில் வீட்டிலிருந்து நாஸ்தா கட்டிக்கொண்டு வருவார், எனக்கும் சேர்த்து. வேறு பேச்சே இல்லை. இன்ஜின் சத்தத்தில் பேசவும் முடியாது.

இரண்டாம் நாளே மட்டம் சரசரவென்று இறங்க ஆரம்பித்தது. தையில் வந்ததில் பாதிகூட வரவில்லை. நான் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் எதிர்பார்த்தது கண்ணெதிரே நடக்கும்போது ஒரு சோர்வு வரும் பாருங்கள், அது வந்தது. இந்த ரிசல்ட்டை யாரும் விரும்பப் போவதில்லை.

அப்போதுதான் ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு பெண் இடுப்பில் காலிக் குடத்தோடு மணலில் விறுவிறுவென்று நடந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். வந்த வேகத்தில் இன்ஜினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். டெஸ்ட் நடக்கும்போது நிறுத்தினால் அவ்வளவும் பாழ். எழுந்து எதிரே போனேன்.

"இன்னா சார் பண்ணிகினு கீற? ஊத்து வத்திப் போச்சு! காலீலருந்து குந்திகினு கீறோம், அரைக் கொடம் ரொம்பல!"

அவர் பெயர் கன்னியம்மா. முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் இருப்பவர், மீன் விற்பவர். அந்த ஊரை நான் இங்கே மேட்டுக்குப்பம் என்று எழுதுகிறேன். உண்மைப் பெயர் வேண்டாம், காரணம் போகப் போகத் தெரியும். ஊத்து என்று அவர் சொன்னது, பெண்கள் ஆற்று மணலில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி வைக்கும் குழி. அதில் தண்ணீர் மெல்லச் சுரக்கும். கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். நான் மேலே இறைக்க இறைக்க, கீழே அவர்களுடைய குழி வறண்டுகொண்டிருந்தது. அதுவரை எனக்கு அது தெரியாது.

"உங்க ஊர்லதான் நல்ல கிணறு இருக்கே. இங்க எதுக்கு வர்றீங்க?" என்று கேட்டேன். மேட்டுக்குப்பத்தைப் பற்றி எங்கள் சர்வேயில் அப்படித்தான் இருந்தது. பொதுக் கிணறு உண்டு, தண்ணீர் சுவையானது, திட்டத்தில் சேர்க்கத் தேவையில்லை. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பி, அங்கேயும் நல்ல தண்ணீர் என்று சொல்லியாகிவிட்டது.

கன்னியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல கெணறா? எந்தூர்ல?"

அன்று மாலை டெஸ்டை முடித்துக்கொண்டு குப்பத்துக்குப் போனோம். ஊர் நாட்டார் ஏகாம்பரம் எங்களை மரியாதையாக வரவேற்று, கட்டுமரம் சாத்தியிருந்த தென்னை நிழலில் பாய் போட்டு உட்கார வைத்தார். மீனவக் குப்பங்களில் நாட்டார் சொல்வதுதான் சட்டம். பேச்சை ஆரம்பிக்குமுன் உள்ளேயிருந்து பளபளவென்று தேய்த்த பித்தளைச் சொம்பில் தண்ணீர் வந்தது. குடித்தேன். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த உடம்பு. அமிர்தம் என்று சொன்னால் மிகையில்லை.

"எங்கூரு தண்ணி சார். எப்டி கீது?" என்றார் நாட்டார் பெருமையாக.

சர்வே சரிதான், அந்தம்மாதான் ஏதோ கோபத்தில் கத்தியிருக்கிறார் என்று நினைத்தேன். எழுந்து புறப்பட்டபோது காதர் பாய் என் காதருகே குனிந்தார். "சார், இந்தக் கரைல நான் பொறந்து வளந்தவன். எந்தக் கொப்பத்துக் கெணத்துலயும் இப்டித் தண்ணி கெடியாது. ஒரு நட கெணத்தாண்ட போய்ட்டு வந்துடலாம்."

நாட்டாரிடம் கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. "இந்நேரத்துல எதுக்கு சார்? பாட்லு கீட்லு இருந்தா குடு, நாங்களே ரொப்பிக் குடுக்குறோம். போன தபா வந்த சாருக்கும் நாங்கதான் ரொப்பிக் குடுத்தோம்."

எனக்கு விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. இருந்தாலும் போனேன். நானே வாளியை விட்டு இழுத்துக் குடித்தேன். முதல் மடக்கிலேயே நாக்கு சுருண்டது. கடலில் பாதி, மண்ணில் பாதி. சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள்.

"இதையா குடிக்கிறீங்க?"

"நாங்க குடிப்போம்" என்றார் நாட்டார். "வந்தவங்களுக்கு இத்தயா குடுப்பாங்க?"

அந்தக் குப்பத்தில் வீட்டுக்கு வீடு மூலையில் ஒரு பானை தனியாக இருக்கும். அதற்கு வந்தவங்க பானை என்று பெயர். ஆற்று ஊற்றிலிருந்து பெண்கள் தலையில் சுமந்து வரும் தண்ணீர் அதில் இருக்கும். கைக்குழந்தைக்கு, காய்ச்சல்காரருக்கு, வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு மட்டும் அது. மற்றவர்கள் குடிப்பது, கஞ்சி வைப்பது எல்லாம் கிணற்றுத் தண்ணீரில். எனக்கு முன்னால் வந்தவருக்கு அந்தப் பானையிலிருந்து சொம்பில் கொடுத்து, அவருடைய பாட்டிலையும் அதே பானையிலிருந்து நிரப்பியிருக்கிறார்கள். பெரிய மனுஷன் வெயிலில் அலைய வேண்டாமே என்ற மரியாதைதான். அவரும் மரியாதையாக வாங்கிக்கொண்டு போய் ஊர் முழுக்க நல்ல தண்ணீர் என்று எழுதிவிட்டார். யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை.

இப்போது நிலைமை இதுதான். அந்த டெஸ்ட் கிணறு இருந்த இடத்தில் பெரிய கிணறு வரும். ராட்சத மோட்டார் வரும். குப்பத்தின் ஊற்று வற்றும். அந்தத் தண்ணீர் குழாயில் ஏறி மாமல்லபுரம் வரை போகும். மேட்டுக்குப்பத்தின் பெயர் மட்டும் லிஸ்டில் இருக்காது.

"உங்க ஊர் பேரைச் சேர்க்கணும்னா, இங்க தண்ணி உப்புன்னு நான் எழுதணும்" என்றேன்.

நாட்டார் உடனே தலையை ஆட்டினார். "அத்த மட்டும் எழுதாத சார். எங்கூர்ல உப்புத் தண்ணின்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டா, நாளிக்கி எங்க பசங்களுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கன்னியம்மா, "இப்ப மட்டும் வரிசைல நின்னா குடுத்துகினு கீறானுங்க" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் காதர் பாய் ஜீப் பக்கம் போய்விட்டார்.

3. கணக்கு

மறுநாள் ஆபீசில் இரண்டையும் சொன்னேன். கோடையில் ஆறு பாதிகூடத் தராது. லிஸ்டில் ஓர் ஊரைச் சேர்க்க வேண்டும்.

இ.இ. லிஸ்டை மேஜைமேல் போட்டார். "தண்ணி பாதின்னு சொல்றே. ஊர் ஒண்ணு கூடன்னு சொல்றே. உனக்குக் கணக்கு வருமாய்யா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி.

"லேப் ரிப்போர்ட் நல்ல தண்ணின்னு சொல்லுது. அதுக்கு மேல நீ நாக்குல வெச்சுப் பாத்தேன்னாலும், வேற பாட்டில் நிரப்பிட்டு வந்தாலும் யார் ஒத்துப்பா? நானே நேர்ல பாத்தாத்தான் பேர் சேர்க்கலாம். சரி, வரேன். எனக்கும் இந்த ரூம்ல உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு."

இ.இ. வரும் நாளைச் சொல்லக் குப்பத்துக்குப் போனேன். நாட்டாரைத் தனியாக அழைத்து, கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். பெரிய ஆபீசர் வரும்போது வந்தவங்க பானையைத் தொட வேண்டாம், அதைக் குடித்துவிட்டால் கிணற்றை எட்டிப் பார்க்காமலே போய்விடுவார், நீங்கள் தினம் குடிப்பதைக் கொடுங்கள், ஒரு வாய் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நாட்டாருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கள இன்னான்னு நெனச்சிகினு கீற சார்? அம்மாம் பெரிய ஆபீசரு எங்கூர தேடி வர்றாரு. அவரு கைல உப்புத் தண்ணியக் குடுக்கறதா? கொழாயி வராட்டிப் போவுது. எங்க கையால அந்தக் காரியம் நடக்காது."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இல்லாதவர்கள் விருந்தாளிக்கு என்று ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதையும் விட்டுவிடு என்று சொல்ல நான் யார்? ஆனால் ஊற்று வற்றினால் அந்தப் பானையே காலி என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்றும் தெரியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் மனசு கனத்துக் கிடந்தது. காதர் பாய், "பேஜார் புடிச்ச வேல சார் இது" என்றார். நான் ஆமாம் என்றேன்.

4. இன்னொரு டம்ளர்

இ.இ. வந்த அன்று குப்பமே துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வலைகளைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். கருவாட்டைக்கூட அப்புறப்படுத்தியிருந்தார்கள். தென்னை நிழலில் எங்கிருந்தோ ஒரு மர நாற்காலி வந்திருந்தது. இ.இ. அதில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். நாட்டார் வீட்டு வாசலில் அந்தப் பித்தளைச் சொம்பு தயாராக இருந்தது. நான் கண்களை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

நாட்டாரின் மனைவி சொம்போடு படியிறங்குவதற்குள் பக்கவாட்டிலிருந்து கன்னியம்மா வந்துவிட்டார். கையில் அலுமினிய டம்ளர்.

"நைனா, வெயில்ல வந்துகீற. மொதல்ல இத்தக் குடி."

நாட்டார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இ.இ. டம்ளரை வாங்கிவிட்டார். ஒரு வாய் குடித்துத் துப்புவார், முகத்தைச் சுளிப்பார், அது போதும் என்று காத்திருந்தேன். அவர் சுளிக்கவில்லை. அண்ணாந்து, நிறுத்தாமல், முழு டம்ளரையும் குடித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாருக்கும்மா" என்றார்.

எனக்குத் தலையில் கையை வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்த மனிதர் அவர். இந்தப் பக்கம் கொடுக்கிறவர்களுக்கு ஒரு மரியாதை, அந்தப் பக்கம் வாங்குகிறவருக்கு ஒரு மரியாதை. இரண்டுக்கும் நடுவில் உப்பு யார் கண்ணிலும் படாமல் போய்விடும்போலிருந்தது. நாட்டாருக்கு உயிர் திரும்பி வந்தது. "ஐயா எங்கூரு தண்ணி..." என்று ஆரம்பித்தார்.

கன்னியம்மா நகரவில்லை. "நல்லாகீதா நைனா?"

"நல்லாருக்கும்மா."

"அப்ப இன்னொரு டம்ளரு எட்த்தாரட்டா?"

அங்கே முப்பது நாற்பது பேர் இருந்தோம். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். இ.இ. கன்னியம்மாவைப் பார்த்தார். கையிலிருந்த காலி டம்ளரைப் பார்த்தார். என்னையும் ஒரு முறை பார்த்தார்.

"வேணாம்மா" என்றார் மெதுவாக.

லேப் ரிப்போர்ட்டால் முடியாததை அந்த 'வேணாம்மா' செய்தது. இ.இ. எழுந்து நேராகக் கிணற்றடிக்குப் போனார். தானே நின்று பாட்டிலை நிரப்ப வைத்து, மூடியின்மேல் தன் கையெழுத்துப் போட்ட சீட்டை ஒட்டச் சொன்னார். நாட்டார் வரவில்லை. கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

கன்னியம்மா அதற்கான விலையைக் கொடுக்கவேண்டியிருந்தது. ஊர் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாள் என்று பஞ்சாயத்து கூடியது. குப்பத்துக் கரையில் ஏலத்துக்கு வரும் மீனில் அவர் கை வைக்கக் கூடாது என்று முடிவு. அந்த வருஷம் மழை பிடிக்கும்வரை அவர் சதுரங்கப்பட்டினம் வரை நடந்துபோய் மீன் எடுத்து விற்றார். வழியில் பார்த்தால் காதர் பாய் ஜீப்பை நிறுத்துவார். கன்னியம்மா ஏற மாட்டார். "கவர்மெண்டு வண்டில போனா அதுக்கு வேற பஞ்சாயத்து வெப்பானுங்க. நீ போ அண்ணாத்த" என்பார். இதற்கெல்லாம் நான்தான் காரணம் என்ற உறுத்தலோடு முன்சீட்டில் உட்கார்ந்திருப்பேன். அவர் என்னைக் குறை சொன்னதே இல்லை.

அன்று குப்பத்திலிருந்து திரும்பும்போது இ.இ. பாதி வழியில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். பிறகு என் தண்ணீர்க் கேனை வாங்கி, வாய் கொப்பளித்து, குடித்தார். "சரிய்யா. பேரைச் சேத்தாச்சு. இப்போ நீ சொல்லு. யார் பேரை அடிக்கறது?"

ஆபீசில் லிஸ்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு ஊருக்கும் நான் போயிருந்தேன். ஒவ்வொரு ஊரிலும் ஏதோ ஒரு முகம் நினைவுக்கு வந்தது. அடிக்க ஒன்றும் அகப்படவில்லை. மாமல்லபுரத்து ஓட்டல்களுக்கு ஒதுக்கியதில் கைவைக்கலாமே என்றேன். "அது நம்ம கைல இல்ல" என்றார். கடைசியில் தலைக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருந்த அளவை எல்லா ஊருக்கும் குறைத்தோம். குறைத்த அளவு குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே போதும். ஆறு போதுமா என்ற கேள்விக்கு, போதும் என்ற பதில் அப்படித்தான் வந்தது. ஆற்றில் தண்ணீர் கூடவில்லை. மனிதருடைய தாகத்தைக் காகிதத்தில் குறைத்துவிட்டோம்.

5. பேர் எதற்கு

வேலை முடிந்து குழாயில் தண்ணீர் வருவதற்குள் இ.இ. ஓய்வு பெற்றுவிட்டார். நான் ஏ.இ., அதாவது அசிஸ்டென்ட் இன்ஜினியர், ஆகிவிட்டேன். மேட்டுக்குப்பத்துக்கு இரண்டு தெருக்குழாய்கள். கிணற்றுக்குப் பக்கத்து ஊர்தான் என்றாலும், குழாய் மாமல்லபுரம் வரை போய்க் கடற்கரையோரமாகத் திரும்பி வந்ததால் லைனின் கடைக்கோடி. முதல் மழைக்காலத்தில் தண்ணீர் நன்றாகவே வந்தது. கன்னியம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லை. குழாயைத் தான்தான் கொண்டுவந்ததாக நாட்டார் சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து வந்தது கோடை. கடைக்கோடிக் குழாயைத் திறந்தால் 'புஸ்' என்று காற்றுதான் வந்தது. பம்ப் ஹவுஸில் மோட்டார் இரவும் பகலும் ஓடியது. ஓடினாலும் வழியிலிருந்த ஊர்கள் பிடித்தது போக முனைக்கு எதுவும் வந்துசேரவில்லை. மோட்டார் ஓடியதால் ஆற்றிலிருந்த ஊற்றுகளும் போயின.

ஒருநாள் காலை ஆபீஸ் வாசலில் நாட்டாரும் கன்னியம்மாவும் நின்றிருந்தார்கள். இருவரும் ஒன்றாக. பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்கு வந்திருக்கிறார்கள். பழைய பகை என்னவாயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. தண்ணீர் இல்லாத வீட்டில் பகைக்கு ஏது நேரம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், எங்கூரு பேர லிஸ்டுலருந்து எட்த்துடு" என்றார் நாட்டார்.

"என்ன நாட்டாரே?"

"கொழாயக் கழட்டிக்கோ. எங்களுக்கு வாணாம். பேர அட்ச்சிட்டு அந்த மோட்டார நிறுத்திடு. எங்க ஊத்து போதும் எங்களுக்கு."

நான் மெல்ல விளக்கினேன். பெயரை அடிக்கலாம். அடித்தாலும் மோட்டார் நிற்காது. அது உங்களுக்காக ஓடவில்லை. திருக்கழுக்குன்றத்திலும் மாமல்லபுரத்திலும் குடத்தோடு நிற்கிறார்களே, அவர்களுக்காக ஓடுகிறது. நிறுத்தினால் அவர்கள் வந்து இதே இடத்தில் நிற்பார்கள்.

நான் சொன்னதை இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள். நாட்டார் தலை குனிந்துகொண்டார். கன்னியம்மா கேட்டார்.

"அப்ப எங்க பேர எதுக்கு சார் சேத்த?"

முப்பத்துச் சொச்சம் வருஷம் சர்வீஸ் போட்டிருக்கிறேன். மந்திரிகள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்கு, ஜீப்பை எடுக்கச் சொல்லிப் பம்ப் ஹவுஸுக்குத்தான் போனேன்.

என்னால் முடிந்தது ஒன்றுதான். பம்ப் ஆபரேட்டரை வைத்து, கோடை முடியும்வரை விடியற்காலையில் மோட்டாரை நிறுத்தி, பெண்கள் ஊற்றில் தண்ணீர் எடுத்துப் போன பிறகு போட வைத்தேன். மணல் சற்று மூச்சுவிட்டு மட்டம் கொஞ்சம் ஏறும், ஊற்று மறுபடி சுரக்கும். வீட்டுக்கு இரண்டு குடம் கிடைத்தது. மாமல்லபுரத்தில் காலையில் தண்ணீர் தாமதமாக வருகிறது என்று எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதினேன். மறுபடி வந்தது. மறுபடி எழுதினேன். அடுத்த கோடைக்குள் என்னைத் தெற்கே மாற்றிவிட்டார்கள். சித்திரையில் காதர் பாயிடமிருந்து கார்டு வந்தது. காலையில் மோட்டார் ஓடுகிறது என்று இருந்தது, அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். டெஸ்டைக் கோடையில் பண்ணுங்கள், பாட்டிலை உங்கள் கையால் நிரப்புங்கள். இதெல்லாம் உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சொல்லிக் கொடுக்காத ஒன்று உண்டு. ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், அதை இப்போது யார் குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களுக்கு உரியதை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தை அளவெடுங்கள். அந்த மிச்சம்தான் சோர்ஸ். நான் ஓய்வு பெறும்வரை எத்தனையோ படுகைகளுக்கு எத்தனையோ ரிப்போர்ட் போனது. ஒன்றில்கூட எங்களை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.